தலைப்பிரட்டையின் வால் எங்கே போகிறது?

தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் அறுந்து விழுவதில்லை. நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசியில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. தோல், தசை, நரம்பு, ரத்தக்குழாய், இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்திருந்த நார்கள் என அத்தனையும் உடம்புக்குள்ளேயே கரைகின்றன. கரைந்த புரதம் வீணாவதும் இல்லை. வாயும் குடலும் உருமாறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் இரை எடுக்காத குட்டித் தவளைக்கு அதுவே உணவு.

இதில் வியப்பூட்டுவது நார்கள் கரைவதுதான். அவை கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. எலும்பு, தோல், தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாயின் சுவர், பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார் என்று உடலில் எங்கெல்லாம் இழுவையையும் எடையையும் தாங்க வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் கொலாஜன் இருக்கிறது. செல்களுக்கு இடையே பரவி அவற்றைத் தாங்கும் இந்த அமைப்பைத்தான் இணைப்புத் திசு என்கிறோம். நம் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். வயிற்றில் இறைச்சியைச் செரிக்கும் நொதிகளுக்குக்கூட, முறுக்குக் குலையாத கொலாஜன் எளிதில் மசிவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றைத் தலைப்பிரட்டை சில நாட்களில் எப்படிக் கரைக்கிறது?

1960 வாக்கில், கொலாஜனை வெட்டும் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு என்பது தெரிந்திருந்தது. விலங்குகளின் உடலில் அப்படியொரு நொதியை எவரும் பிடித்துக் காட்டியிருக்கவில்லை. திசுவை அரைத்து, வடிகட்டி, சாற்றில் நொதியைத் தேடுவதுதான் அன்றைய வழக்கம். அரைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஜெரோம் கிராஸும், பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த சார்லஸ் லாபியேரும் வழியை மாற்றினார்கள். கொலாஜனைக் கரைசலாக்கி, தட்டில் ஊற்றி, வெண்மையான கூழாக உறையவைத்தார்கள். தலைப்பிரட்டையின் வால் துடுப்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி, அவை உயிரோடிருக்கும்படி அந்தக் கூழின்மேல் வைத்து வளர்த்தார்கள். துண்டுகளைச் சுற்றிலும் வெண்மை விலகி, தெளிந்த வட்டங்கள் தோன்றின. வட்டம் விரிந்த இடமெல்லாம் கொலாஜன் கரைந்திருந்தது. 1962இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

முந்தைய ஆய்வாளர்கள் ஏமாந்ததற்கான காரணமும் இதிலேயே விளங்கியது. செல்கள் இந்த நொதியைச் சேமித்து வைப்பதில்லை. தேவைப்படும்போது தயாரித்து, உடனே வெளியே விட்டுவிடுகின்றன. செத்த திசுவை அரைத்து இதைத் தேடினால் கிடைக்காது. வேலையில் இருக்கும் செல்களிடம்தான் தேட வேண்டும். இந்த நொதியைக் கொலாஜனேஸ் என்கிறோம்.

ஒரே இடத்தில் ஒரு வெட்டு

கொலாஜனை வெட்டுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதற்கான விடை சென்னையில் கிடைத்தது. 1952இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், கங்காரு வாலின் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள். ஒரு கொலாஜன் மூலக்கூறு என்பது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மூன்று இழைகள். ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். முறுக்கின் நடுவில் இடம் அவ்வளவு நெருக்கம். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும்.

வெட்ட வேண்டிய பிணைப்புகள் எல்லாம் இந்த இறுக்கமான முறுக்குக்குள் ஒளிந்திருக்கின்றன. சாதாரண நொதிகளின் பிடிக்கு அவை சிக்குவதில்லை. கொலாஜனேஸ் ஒரு குறிப்பிட்ட இடத்தில், மூலக்கூறின் நீளத்தில் முக்கால் பாகம் கடந்த இடத்தில், போய் உட்காருகிறது. அங்கே முறுக்கைச் சற்றே தளர்த்தி, மூன்று இழைகளையும் ஒவ்வொன்றாக வெட்டுகிறது. கிடைப்பவை முக்கால் துண்டு ஒன்று, கால் துண்டு ஒன்று. அத்துடன் அதன் வேலை முடிந்தது. வெட்டுப்பட்ட துண்டுகளால் உடலின் வெப்பத்தில் முறுக்கோடு நிற்க முடியாது. தாமே அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாவது இதே ஜெலட்டினால்தான். அடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்துப் பெறும் விளைவை, 37 டிகிரி வெப்பத்தில், ஒரே வெட்டில் நொதி பெற்றுவிடுகிறது. அவிழ்ந்ததைப் பொடியாக்க வேறு நொதிகள் காத்திருக்கின்றன.

தலைப்பிரட்டையைத் தொடர்ந்து மனிதனிடமும் இத்தகைய நொதிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. இன்று ‘மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ்’, சுருக்கமாக எம்எம்பி, என்றழைக்கப்படும் குடும்பத்தில் மனிதருக்கு 23 நொதிகள் உண்டு. ஒவ்வொன்றின் வெட்டும் முனையிலும் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. முறுக்குள்ள கொலாஜனை வெட்டுபவை சில, ஜெலட்டினைப் பொடியாக்குபவை சில, மீள்திறனுள்ள எலாஸ்டின் நாரை வெட்டுபவை சில.

இவ்வளவு வலுவான நொதிகளை உடல் கட்டவிழ்த்து விடுவதில்லை. மூன்று கட்டுப்பாடுகள் உள்ளன. முதலாவது, பெரும்பாலான எம்எம்பிகளைச் செல் ஆணை வந்தால்தான் தயாரிக்கும். இரண்டாவது, தயாரான நொதி செயலற்ற நிலையிலேயே வெளியே வருகிறது. அதன் முன்பகுதியில் உள்ள ஒரு கந்தக அணு துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு வெட்டும் முனையை மூடியிருக்கும். அந்த முன்பகுதி நீங்கினால்தான் நொதி விழிக்கும். மூன்றாவது, விழித்த நொதியை அடக்க ‘டிம்ப்’ எனப்படும் நான்கு தடுப்புப் புரதங்கள் திசுக்களில் இருக்கின்றன. எந்த நேரத்திலும், எந்தத் திசுவிலும், எவ்வளவு வெட்டு நடக்கும் என்பதை இந்த மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

கட்டுப்பாடு சரியாக இருக்கும்போது இந்த நொதிகள் செய்யும் வேலை மகத்தானது. பிரசவ நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் 60 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தசையின் சுருக்கத்தால் மட்டும் இது நடப்பதில்லை; பத்து மாதங்களில் சேர்ந்த கொலாஜனில் பெரும்பகுதி கரைக்கப்படுகிறது. குழந்தை வெளிவர ஏதுவாகக் கருப்பை வாய் நெகிழ்வதும், காயம் ஆறும்போது தோல் செல்கள் நகர்ந்து மூடுவதும், எலும்பு வளரும்போது குருத்தெலும்பு விலகி வழிவிடுவதும் இவற்றின் வேலையே.

ஐம்பது ஆண்டுக் காயம் மீண்டும் திறந்தது

வெட்டும் நொதிகள் நோய்க்காலத்தில் மட்டுமன்றி, நலமாக இருக்கும் உடலிலும் நாள்தோறும் உழைக்கின்றன. இதற்கான பழைய சான்று ஒன்று ஒரு கப்பலிலிருந்து வருகிறது.

1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். ‘செஞ்சூரியன்’ என்ற தலைமைக் கப்பலில் இருந்த ஒரு முதியவர், அயர்லாந்தில் 1690இல் நடந்த பாயின் போரில் காயம்பட்டவர். காயங்கள் ஆறி ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஸ்கர்வி முற்றியபோது, ஒருபோதும் ஆறாதவை போல அதே இடங்களில் அந்தக் காயங்கள் திறந்துகொண்டன. நெடுநாளைக்கு முன் முறிந்து கூடியிருந்த அவருடைய எலும்பும் கூடிய இடத்திலேயே விட்டுப்போனது. பயணத்தைப் பற்றிய நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது.

அன்று இது யாருக்கும் புரியாத அதிசயம். இன்று காரணம் தெரியும். கொலாஜனின் முறுக்கு உறுதியாக நிற்க வேண்டுமானால், இழைகளில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜன் சேர்க்கப்பட வேண்டும். அதைச் செய்யும் நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி தேவை. மாதக்கணக்கில் காயோ கனியோ இல்லாத கடற்பயணத்தில் அந்த வைட்டமின் தீர்ந்துபோனது. கட்டும் நொதி நின்றது. வெட்டும் நொதிகள் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருந்தன. ஆறிய தழும்பு என்று நாம் நினைப்பது முடிந்துபோன கட்டுமானம் அன்று. ஐம்பது ஆண்டுகளாக அது கரைக்கப்பட்டும் புதுப்பிக்கப்பட்டும் வந்திருக்கிறது. புதுப்பித்தல் நின்றதும் கரைத்தல் மட்டும் மிஞ்சியது. ஸ்கர்வியில் ஈறுகள் முதலிலேயே சீர்கெடுவதற்கும் இதுவே காரணம். உடலில் கொலாஜன் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் பல்லைச் சுற்றிய திசுவும் ஒன்று.

கட்டும் பக்கத்தில் வேறு நொதிகளும் உண்டு. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளைக் குறுக்குப் பிணைப்பால் கோக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதிக்குச் செம்பு வேண்டும். கொலாஜனின் முனைகளில் ஒட்டியிருக்கும் கூடுதல் துண்டுகளை நறுக்கிவிட இன்னொரு நொதி வேண்டும். பெல்ஜியத்தில் சில கன்றுகளின் தோல் சிறு உரசலிலேயே கிழிந்துபோனது. அவற்றை ஆராய்ந்த குழு, நறுக்கும் அந்த நொதி குறைந்திருப்பதே காரணம் என்று 1971இல் காட்டியது. அந்தக் குழுவில் இருந்தவர் தலைப்பிரட்டை ஆய்வு செய்த அதே லாபியேர். பின்னாளில் இதே குறைபாடு மனிதக் குழந்தைகளிலும் கண்டறியப்பட்டது.

புதுப்பிக்கும் வேகம் திசுவுக்குத் திசு மாறுபடும். தோலின் கொலாஜனில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். மூட்டுக் குருத்தெலும்பில் அதற்கு நூறாண்டுக்கும் மேல் ஆகும் என்று 2000இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. நம் மூட்டுகளில் இளமையில் அமைந்த கொலாஜன்தான் கடைசிவரை. மூட்டுத் தேய்மானத்தில் எம்எம்பி-13 போன்ற நொதிகள் அதை வெட்டத் தொடங்கினால், இழந்ததை ஈடுகட்ட உடலிடம் வழியில்லை.

தடுப்பவர் இல்லாத நுரையீரல்

1963இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் கார்ல் பெர்டில் லாரெல் நோயாளிகளின் ரத்தப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புரதங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். ஐந்து பேரின் மாதிரிகளில் ஆல்ஃபா-1 என்ற பட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஸ்டென் எரிக்சனுடன் சேர்ந்து அந்த ஐந்து நோயாளிகளையும் தேடிப்போனபோது, மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது.

இல்லாமல் போயிருந்த புரதம் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்பும் இந்தப் புரதத்தின் முதன்மையான வேலை, வெள்ளணுக்கள் கொட்டும் எலாஸ்டேஸ் நொதியை அடக்குவது. நுரையீரலின் காற்று நுண்ணறைகள் மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்க எலாஸ்டின் நார்கள்தான் துணை. தடுப்புப் புரதம் இல்லாவிட்டால் எலாஸ்டேஸ் அந்த நார்களை வெட்டித் தள்ளும். நுண்ணறைகளின் சுவர்கள் இடிந்து பெரிய பைகளாகும். உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாது. இதுதான் எம்ஃபிசிமா.

இந்த மரபுக் குறைபாடு அரிது. ஆனால் அது காட்டிய பாடம் எல்லோருக்கும் உரியது. புகையிலைப் புகை ஒரே நேரத்தில் இரண்டு கேடுகளைச் செய்கிறது. வெள்ளணுக்களை நுரையீரலுக்கு அழைத்து வந்து எலாஸ்டேஸைப் பெருக்குகிறது. தடுப்புப் புரதத்தின் பிடிக்கும் முனையில் உள்ள ஓர் அமினோ அமிலத்தைச் சிதைத்து, இருந்தும் இல்லாததாக ஆக்குகிறது. பரம்பரையில் குறையே இல்லாதவருக்கும் பீடியும் சிகரெட்டும் அந்தக் குறையை நுரையீரலுக்குள் உண்டாக்குகின்றன. எம்எம்பிகளுக்கும் இதில் பங்குண்டு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், எம்எம்பி-12 இல்லாதபடி உருவாக்கிய எலிகளுக்கு நீண்டகாலம் சிகரெட் புகை கொடுத்தும் எம்ஃபிசிமா வரவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தினால்?

புற்றுநோய் பரவுவதற்குச் செல்கள் முதலில் தம்மைச் சுற்றியுள்ள அடித்தளச் சவ்வைத் துளைக்க வேண்டும். அந்தச் சவ்வும் கொலாஜனால் ஆனதே. பரவும் திறன் மிகுந்த புற்றுச் செல்கள் அந்தக் கொலாஜனை அதிகம் கரைக்கின்றன என்று 1980இல் லான்ஸ் லியோட்டாவின் குழு காட்டியது. அப்படியானால் எம்எம்பிகளை முடக்கினால் புற்று பரவாது என்ற எண்ணம் எழுவது இயல்பு. எலிகளில் முடிவுகள் நன்றாகவே இருந்தன. 1990களில் பல நிறுவனங்கள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு நொதியை முடக்கும் மருந்துகளை உருவாக்கின.

மனிதர்களிடம் அவை தோற்றன. அவற்றில் ஒன்றான மாரிமாஸ்டாட்டை எடுத்துக்கொண்ட பலருக்குத் தோளும் கைகளும் விறைத்து வலித்தன. சிலரால் கையைத் தூக்க முடியவில்லை. ஆயுள் எதிர்பார்த்தபடி கூடவில்லை. இன்னொரு மருந்தின் பரிசோதனையில், மருந்து பெற்றவர்களின் நிலை மருந்து பெறாதவர்களுடையதைவிட மோசமாக இருந்ததால், 1999இல் அந்தப் பரிசோதனை நிறுத்தப்பட்டது.

தோல்விக்கான காரணங்கள் பின்னர்தான் துலங்கின. மருந்து கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று முன்பே பரவிவிட்டிருந்தது. சவ்வைத் துளைக்கும் கட்டம் கடந்துபோன பிறகு துளைப்பதைத் தடுத்துப் பயனில்லை. அந்த மருந்துகள் எம்எம்பி குடும்பம் முழுவதையும் கண்மூடித்தனமாக முடக்கின. அந்தக் குடும்பத்திலோ உடலைக் காக்கும் நொதிகளும் இருந்தன. ஸ்பெயினின் கார்லோஸ் லோபஸ்-ஓடின் குழு 2003இல் எம்எம்பி-8 இல்லாத எலிகளை ஆராய்ந்தது. ஆண் எலிகளில் தோல் புற்று அதிகமாக வந்தது. எதிரி என்று முடக்கப்பட்ட நொதி காவலுக்கு நின்றிருக்கிறது.

அளவும் இடமும் அறிந்து செய்த முயற்சிகள் வென்றன. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் பல் மருத்துவ ஆய்வாளர் லார்ன் கோலப், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் ஈறுகளில் கொலாஜனேஸ் மிகுந்திருப்பதைக் கண்டார். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலும் அது மிகுந்தது. டெட்ராசைக்கிளின் வகை மருந்து கொடுத்ததும் குறைந்தது. கிருமியே இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லி வேலை செய்கிறதென்றால், அது நொதியையே அடக்குகிறது என்றுதான் பொருள். 1983இல் வெளிவந்த அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவில், 20 மில்லிகிராம் டாக்சிசைக்கிளினை நாளுக்கு இருமுறை கொடுக்கும் ஈறு நோய்ச் சிகிச்சைக்கு 1998இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

வெட்டும் நொதியையே மருந்தாக்கியதும் உண்டு. உள்ளங்கையில் கொலாஜன் தடித்து, விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும் டூபுயிட்ரன் நோயில், பாக்டீரியாவின் கொலாஜனேஸை அந்தத் தடிப்புக்குள்ளேயே ஊசியால் செலுத்துகிறார்கள். அடுத்த நாள் மருத்துவர் விரலை இழுத்து நிமிர்த்தலாம். 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை இது.

நம் நாட்டுக்கு மிக நெருக்கமான கேள்வி காசநோயில் இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோய் முற்றிய நுரையீரலில் விழும் குழிகளைத் தோண்டுவது கிருமியின் நொதி என்று நினைக்கத் தோன்றும். தோண்டுவது நம்முடைய எம்எம்பி-1. கிருமி நம் செல்களைத் தூண்டி அதைப் பெருக்குகிறது. மனித எம்எம்பி-1ஐ எலிகளில் புகுத்திக் காசநோய்க் கிருமியைத் தொற்றவைத்தபோது, அவற்றின் நுரையீரல் கொலாஜன் சிதைந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. குழி மூச்சுக்குழாயோடு இணையும்போது, கிருமிகள் இருமலில் வெளியேறி அடுத்தவரைத் தொற்றுகின்றன. குணமான பிறகும் பலருக்கு மூச்சுத்திணறல் தங்கிவிடுவது, அழிந்த அந்தத் திசு திரும்பாததால்தான். சிங்கப்பூரில் 30 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வழக்கமான காசநோய் மருந்துகளோடு இரண்டு வாரம் டாக்சிசைக்கிளினும் பெற்றவர்களின் நுரையீரலில் இந்த நொதிகளும் கொலாஜன் சிதைவும் குறைந்தன. சிறிய ஆய்வுதான்; தானாக வாங்கி விழுங்குவதற்கான அனுமதி அன்று. கிருமியைக் கொல்வதோடு நில்லாமல், நுரையீரலையும் காப்பாற்ற முடியுமா என்று இப்போதுதான் மருத்துவம் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

வாலைக் கரைக்கும் நொதியும் நுரையீரலைத் தோண்டும் நொதியும் ஒரே குடும்பம். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதில்தான் நலமும் நோயும் பிரிகின்றன. எந்த நொதியை, எந்தத் திசுவில், நோயின் எந்தக் கட்டத்தில் அடக்குவது என்று துல்லியமாகச் சொல்லும் மருந்துகள் வர இன்னும் காலம் பிடிக்கும். ஆனால் அந்தச் சமநிலையைக் காக்கும் வழிகள் சில இன்றே நம் கையில் உள்ளன. புகையை விட்டால் ஆல்ஃபா-1 தன் வேலையைச் செய்யும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் ஈறின் கொலாஜன் தப்பும். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலுக்குக் குழி விழுமுன்பே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.